கரையும் ஆணியும் உம்மாவின் கால் வீக்கமும்

இரத்தோட்டை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் ஷிஹாமுக்கு வாப்பா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் இருக்கிறோம், கொரியாவின் குளிரில் நீயும் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ செய்கிறோம்.

மகன், இது என் கையாலேயே எழுதும் கடிதம். உன் தங்கச்சி ஜஸ்லா சொல்லித் தந்தாள் என்று நினைக்காதே, அவள் மாத்தளைக்குப் போயிருக்கிறாள். அறுபத்தொன்பது வயது வரை எனக்குக் குர்ஆன் ஓத வந்ததே தவிர தமிழ் வாசிக்க வரவில்லை. பள்ளிவாசல் மண்டபத்து வகுப்பில் முதல் நாள் வலப்பக்கத்தில் இருந்து எழுதத் தொடங்கினேன், நுஸ்லா டீச்சர் சிரித்துவிட்டு, புஹாரி நானா, தமிழ் அந்தப் பக்கத்தால வரும் என்று கொப்பியைத் தட்டிக் காட்டினார். இப்போது பஸ் போர்டு, சீனிப் பக்கெட், கல்யாணக் காட் எல்லாம் வாசிக்கிறேன். ஒரு பக்கம் எழுத அரை நாள் போகிறது, ஆனாலும் அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆனால் இதைச் சந்தோஷத்துக்கு எழுதவில்லை. போனை ஜஸ்லா பிடித்திருப்பாள், பக்கத்தில் உம்மா இருப்பாள், அதில் இதைச் சொல்ல முடியாது. மிளகு காயப் போட்ட படங்கை இழுக்கப் போய் உம்மா படியில் சறுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். கண்டியில் டொக்டர் ஹரிசன் எலும்பைச் சேர்த்து ஆணி போட்டார். மக்னீசியம் என்ற உலோகத்தில் செய்ததாம், உடம்புக்குள்ளேயே மெல்ல மெல்லக் கரைந்துவிடுமாம், கழற்ற இன்னொரு ஒப்பரேஷன் தேவையில்லையாம். கரையுற ஆணியா, சீனியிலயா செஞ்சாங்க என்று உம்மா கேட்டதில் நர்ஸ்மார்கூடச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு கிழமையில் கால் வீங்கிச் சுட்டது. என் முட்டிக்குப் போன வருஷம் தந்த மஞ்சள் குளிசை அலுமாரியில் மிச்சம் இருந்தது. வீக்கத்துக்கு, காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் என்று உறையில் எழுதியிருந்தது. மகன், ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் வாசித்தேன். கட்டிலடியில் நின்று உம்மாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தேன். பதினாறு நாள் கொடுத்தேன். வீக்கம் வற்றியது. படிப்பு கைகொடுத்தது என்று பெருமையாகத் திரிந்தேன்.

போன வியாழன் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆணியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு நிழல் இருந்தது. அது ஆணி கரையும்போது வருகிற வாயு, தானாகப் போய்விடும், பயமில்லை என்றார் டொக்டர். அவரைக் குழப்பியது எலும்பு. உடைந்த கோடு அப்படியே இருந்தது. இரத்தத்தில் நோயோடு சண்டை பிடிக்கும் அணுக்கள் முதலில் ஆணியைச் சுற்றி வருமாம், வீக்கமும் சூடும் அவற்றின் வேலையாம். ஆணி கரையக் கரைய அதே அணுக்கள் சண்டையை விட்டுவிட்டு எலும்பு கட்டும் அணுக்களைக் கூப்பிடுமாம். சில பேர் வீட்டுல கிடக்குற வீக்கக் குளிசையைக் குடுத்துடுவாங்க, வேலைக்கு வந்தவங்களை வாசல்லயே திருப்பி அனுப்புற மாதிரி, நீங்க அப்படி ஒண்ணும் குடுக்கலையே ஐயா என்று கேட்டார். உம்மா என் முகத்தைப் பார்த்தாள். இல்ல சேர் என்றேன்.

இன்னும் மூன்று கிழமை பார்ப்பாராம். பொருந்தாவிட்டால் மறுபடி காலைத் திறந்து, ஆணியை எடுத்துவிட்டுத் தகடு வைப்பாராம். குற்றம் என்னுடையது, பழி அந்த ஆணிக்கு. குளிசையால்தானா, வயதாலா என்று எனக்குச் சொல்லவும் தெரியாது. காலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், தோல்தான் தெரிகிறது. கொடுத்ததைத் திருப்பி எடுக்க முடியாது, உள்ளே போய் எலும்பைப் பிடித்து வைக்கவும் முடியாது. சூப் காய்ச்சிக் கொடுக்கிறேன், நாற்காலியில் இருந்து தொழ உதவுகிறேன், வேறு என்ன செய்ய.

இவ்வளவு நேரமா அப்படி என்ன எழுதுறீங்க, வாசிச்சுக் காட்டுங்களே என்று உம்மா கட்டிலில் இருந்து கூப்பிடுகிறாள். தட்டிக் கழிக்க இன்னொரு பொய் வேண்டும், எனக்கு அது முடியாது.

அஸர் தொழுதுவிட்டுத் தொடர்கிறேன். ஒரு சொல்லும் விடாமல் வாசித்துக் காட்டினேன். உம்மா சொன்னாள், மஞ்சக் குளிசை ஒங்கட முட்டிக் குளிசைன்னு எனக்குத் தெரியாதா, போன வருஷம் அத எடுத்துத் தந்தது யாரு, நீங்க அவ்வளவு ஆசையா வாசிச்சுட்டு நிக்கிறப்போ வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல்ல. டொக்டரிடம் பொய் சொன்னதுக்குத்தான் ஏசினாள். நாளை மறுநாள் கண்டிக்குப் போய் இரண்டு பேருமாகச் சொல்லப் போகிறோம். எலும்பு என்ன செய்யும் என்று அதற்குப் பிறகும் எங்களுக்குத் தெரியாது.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். அல்லாஹ் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைப்பானாக. பதிலைக் கொட்டை எழுத்தில் எழுது, ஏசுவதாக இருந்தாலும் எழுது, உம்மாவுக்கு நான் அப்படியே வாசித்துக் காட்டுவேன்.

உன் வாப்பா,
புஹாரி