கட்டைக் குழலுக்கு எந்தத் தோட்டா

மச்சான்,

இன்று காலை உன் துவக்கு வைக்கிற அந்த இரும்புப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. உன் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றி, லண்டன் பிளேஸ்டோவில் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நாலு போல்ட் போட்டு இறுக்கிய நாளிலிருந்து அது வெறும் பெட்டிதான். ஆனால் கதவு திறந்ததும் துவக்குக் குழல் துடைக்கிற எண்ணெயின் மணம் வந்தது. மான் வேட்டைக்குப் போன நாட்களில் உன் கையில், உன் கம்பளிச் சட்டையில், நீ கட்டிக்கொண்டு வந்த சாண்ட்விச்சில்கூட இருந்த அதே மணம். பக்கத்தில் பொலிசின் துப்பாக்கி அனுமதிப் பிரிவிலிருந்து வந்த அதிகாரி அம்மா குறிப்புப் புத்தகத்தோடு நின்றார். இந்த நேரத்தில் அழுதால் 'மனம் சரியில்லாத ஆள்' என்று எழுதிவிடுவார் என்ற பயத்தில், மூக்கைச் சொறிகிற மாதிரி கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி நின்றேன்.

கடிதம் எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தவர்கள். அதைச் சொல்லிக் காட்டாமல் நீ ஒரு கிழமையும் இருந்ததில்லை. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். சிவப்புப் பேனையோடு நீ இப்போது வரப்போவதில்லை.

நீ கண்ணை மூடின மாசியிலிருந்து உன் துவக்கு, நீ அதை வாங்கின கடைக்காரரிடம்தான் இருக்கிறது. அனுமதி இல்லாமல் நான் அதைத் தொட ஏலாது. அனுமதி கிடைக்காவிட்டால் அவர் அதை யாருக்கோ விற்றுவிடுவார். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்துகொண்டு நீ என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

"துவக்கை வெளியாளுக்குப் போக விடாதை. நாங்கள் ரெண்டு பேரும் ரெண்டு வருஷம் சண்டை பிடிச்சு எடுத்தது."

"எனக்கு லைசென்ஸ் தருவாங்களோ மச்சான்? நான் கேள்விக்குப் பதில் சொல்லுற ஆளோ?"

"கேள்வி எல்லாத்துக்கும் நான் முன்னமே பதில் சொல்லியிருக்கிறன். நீதான் காது குடுக்கேல்லை."

காது என்று நீ சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அந்தச் சண்டை தொடங்கியதே உன் காதில்தான்.

உன் இடது காது ஊரிலேயே ஒரு ஷெல்லோடு போய்விட்டது. வலது காதை வைத்துக்கொண்டுதான் பஸ் டிப்போவில் எஞ்சின் சத்தம் கேட்டே கோளாறு சொல்லுவாய். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் எசெக்ஸ் ரோட்டில் நின்றுபோன ஒரு வெள்ளைக்காரரின் காரைத் திருத்திக் கொடுத்தாய். அவர் பண்ணைக்காரர். பயிர் முழுவதையும் மான் தின்கிறது என்று அழுதார். நீ துவக்குப் பழகியிருப்பதாகச் சொன்னாய். பிறகு பத்து வருடம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பண்ணைதான் எங்களுக்குக் கோயில். நீ சுடுவாய், நான் இழுத்து வருவேன். பிறகு உன் பக்கத்திலிருந்து உன் துவக்காலேயே சுடவும் பழகினேன். உன் தங்கச்சி, என் மனிசி, மானிறைச்சிக் கறியில் தேங்காய்ப்பால் விட்டு இறக்குவாள். கலியாணம் கட்டாத நீ, எங்கள் மேசையில் மூன்றாவது தட்டுக்காரன்.

ஒருநாள் காது டொக்டர் உன்னை இருத்திவைத்துச் சொன்னார், வலது காதும் இறங்கத் தொடங்கிவிட்டது, இனிப் பெரிய சத்தம் பட்டால் அதுவும் போகும், போனால் வராது என்று. உன் தங்கச்சி அன்றைக்கே கறிச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணை, துவக்கோ காதோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

"ரெண்டும்" என்றாய் நீ.

மொடரேட்டர் பூட்டலாம் என்றாய். படத்தில் காட்டுகிற சைலன்சர்தான் அது. ஆனால் படத்தில் வருகிற மாதிரி புஸ் என்று கேட்காது. வெடி வெடிதான், காதைப் பிய்க்கிற அளவுக்கு இருக்காது, அவ்வளவுதான். அதற்கு மேல் காது மூடியும் போட வேண்டும். கரைச்சல் என்னவென்றால், உன் பழைய துவக்கின் குழல் நீளம். அதன் நுனியில் இன்னொரு முழங்கை நீளத்துக்கு மொடரேட்டர் பூட்டினால், பண்ணைக்காரர் மரத்தில் அடித்துத் தந்த அந்த ஒடுங்கிய பலகைப் பரணுக்குள் திருப்ப ஏலாது. ஆகவே புதுத் துவக்கு, பதினாறு அங்குலக் கட்டைக் குழல் என்று முடிவெடுத்தாய்.

அங்கேதான் சிக்கல். குழல் கட்டையானால் தோட்டாவின் வெடிமருந்து உள்ளே எரிந்து முடிய இடம் போதாது. எரியாத மிச்சம் குழல் வாயால் நெருப்பும் சத்தமுமாகப் போய்விடும், தோட்டாவிலிருந்து பறக்கிற சன்னத்தின் வேகமும் குறையும். காதுக்குப் பயந்து கட்டைத் துவக்கு எடுக்கப்போய், முன்னதைவிடப் பெரிய சத்தம் போடுகிற ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவரலாம். எந்தத் தோட்டா போடுகிற துவக்கு என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். முப்பது வருடமாக வந்த சம்பந்தம் ஒன்றையும் பிடிக்காத நீ, தோட்டாவுக்குச் சாதகம் பார்க்கத் தொடங்கினாய்.

நான் 243 என்ற அளவுத் தோட்டாவின் கட்சி. பழைய துவக்கில் போட்டதும் அதுதான். சின்னச் சன்னம், உதை குறைவு. என் தோள் உன்னுடையதைப் போல பஸ் சில்லுத் தூக்கின தோள் இல்லை, மரக்கறி வான் ஓட்டுகிறவனின் தோள். தோட்டாப் பெட்டியை எடுத்து உன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"எழுதியிருக்குது பார் மச்சான், என்ன வேகம் எண்டு. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"அது கொம்பனிக்காரன் நீளக் குழலில அளந்த வேகம். எங்கட குழலில என்ன வரும் எண்டு பெட்டிக்குத் தெரியாது."

"நீ படிச்ச ஏ லெவல் மானுக்குத் தெரியுமோ?"

"மானுக்குத் தெரியாது. சட்டத்துக்குத் தெரியும்."

இந்த நாட்டுச் சட்டத்தில் பெரிய மானைச் சுடுகிற சன்னம் குழல் வாயை விட்டு வெளிக்கிடும்போது ஆயிரத்து எழுநூறு அடி-இறாத்தல் வலுவோடு போக வேண்டும். நீளக் குழலில் 243 அதைச் சும்மா தாண்டும். கட்டைக் குழலில் தாண்டுமோ என்பதுதான் உன் ஐயம். நீ ஐயப்பட்டால் அளக்காமல் விடமாட்டாய். கடைக்காரரிடம் பதினாறு அங்குலக் குழலில் ஒரு 243 இருந்தது. அவரையும் இழுத்துக்கொண்டு சுடுகிற திடலுக்குப் போனாய். வேகம் அளக்கிற கருவியை முன்னால் வைத்து, காது மூடி போட்டுக்கொண்டு, எங்களிடமிருந்த தோட்டாவில் பத்துச் சுட்டாய். பிறகு மீன் பொரியல் சுற்றி வந்த கடதாசியில் கணக்குப் போட்டாய். ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம்தான் வந்தது.

"கொஞ்சம்தானே குறையுது" என்றேன். "மான் என்ன மீட்டரோ வைச்சிருக்கு?"

"மான் வைச்சிருக்கேல்லை. நான் வைச்சிருக்கிறன்."

மிச்சமிருந்த மீன் துண்டை உன் பக்கம் தள்ளிவிட்டேன். அபூர்வமான நாள்.

இரண்டு கிழமை கழித்து வேறு யோசனையோடு வந்தேன். போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். ஒலியைவிட மெதுவாகப் போகிற தோட்டா. மொடரேட்டரோடு சுட்டால் யாரோ கை தட்டுகிற மாதிரித்தான் கேட்கும். உன் காதுக்கு இதைவிட மருந்து உண்டோ என்று கேட்டேன். நீ வீடியோவைக் கடைசி மட்டும் பார்த்தாய். போனைத் திருப்பித் தந்தாய்.

"இது கடதாசியில ஓட்டை போட நல்லம். மானுக்குக் காணாது, சட்டமும் விடாது. காயப்பட்டு ஓடும். அண்டைக்கு நாங்கள் தேடினதை மறந்திட்டியோ?"

மறக்கவில்லை. உன் குறி பிழைத்தது அந்த ஒரு தரம்தான். மத்தியானத்திலிருந்து வெளிச்சம் மங்கும்வரை முள்ளுக்குள் இரத்தத் துளி தேடிக்கொண்டு போனோம். கண்டுபிடித்து இன்னொரு வெடியில் முடித்துவிட்டு வீடு வந்தோம். அன்று நீ கறியைத் தொடவில்லை. உன் காதைக் காப்பாற்றுகிறேன் என்று இன்னொரு உயிரை அப்படி அலைய விட நீ தயாரில்லை. எனக்கு அது அப்போதே விளங்கியது. விளங்கியது என்று காட்டிக்கொண்டால் பிறகு என்ன மச்சான் நான்.

கடைசியில் 308 என்றாய். வாய் அகலமான குழல், கனமான சன்னம், மருந்து கெதியாக எரிந்து முடிகிற தோட்டா. பதினாறு அங்குலத்தில் அளந்தால் சட்டம் கேட்பதற்கு மேலே நன்றாக நின்றது. அதற்கு மேல் என்ன தேவை என்று கேட்டாய். தேவை இருந்தது, நான் விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற தேவை. "எசெக்ஸில யானை இறங்கியிருக்கோ?" என்று கேட்டேன். "தோள் கழண்டால் உன்ர தங்கச்சிதான் எனக்குச் சோறு தீத்த வேணும்" என்றேன். கடைக்காரருக்கு முன்னாலும் கேட்டேன், பண்ணைக்காரருக்கு முன்னாலும் கேட்டேன். அவர்களுக்குத் தமிழ் விளங்காது. நீ சிரிக்கிறதைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள்.

புதுத் துவக்கோடு முதல் நாள் பரணில் நான் உன் வலப்பக்கம், கொஞ்சம் பின்னால். விடிந்து நல்ல வெளிச்சம். வேலியோரமாக ஒரு இளம் மான் வந்து நின்றது. நீ காது மூடியைச் சரிபார்த்தாய், சுட்டாய். மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. நான் மானைப் பார்க்கவில்லை, மச்சான். உன் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காது மூடியைக் கழற்றிக் கழுத்தில் விட்டாய். முன்னால் மானையே பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்குக் காது கேட்கிறதோ என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்காவிட்டால் கேள்வியும் கேட்காது. உதடு அசையாத அளவுக்கு மெல்லமாகச் சொன்னேன்.

"மச்சான், உன்ர தொப்பி கோணல்."

திரும்பாமலே சொன்னாய். "உன்ர மூளையைவிட நேர்தான்."

பரணுக்குள்ளேயே கால் நீட்டி இருந்துவிட்டேன். உடம்பிலிருந்த காற்றெல்லாம் இறங்கின மாதிரி இருந்தது. நீ ஏன் என்று கேட்டாய், கால் விறைத்துவிட்டது என்றேன். அதற்குப் பிறகு ஐந்து வருடம் அந்தத் துவக்கால் சுட்டாய். அந்தக் காது ஆஸ்பத்திரிக் கட்டில்வரைக்கும் உன்னோடு இருந்தது. கடைசிக் கிழமை தாதி உனக்குக் கேட்காது என்று நினைத்துச் சத்தம் போட, "இந்தப் பிள்ளைக்கும் ஒரு மொடரேட்டர் பூட்டுங்கோ" என்றாயே.

இன்றைக்கு அந்த அம்மா பெட்டியைப் பார்த்து, பூட்டை இழுத்துப் பார்த்து, மேசையடியில் நீ இருக்கிற கதிரையில் வந்து இருந்தார். டொக்டர் கடிதம், பண்ணைக்காரரின் கடிதம் எல்லாம் சரி என்றார். பிறகு பேனையை எடுத்தார். இங்கிலீஷில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும்.

"உங்கள் காதில் கோளாறு ஒன்றும் இல்லையே. பிறகு ஏன் மொடரேட்டரும் கட்டைக் குழலும்?" என்று கேட்டார்.

"நல்லாயிருக்கேக்கதான் காப்பாத்த வேணும்" என்றேன். பரண் எவ்வளவு ஒடுக்கம் என்று கையை விரித்துக் காட்டினேன். தேத்தண்ணிக் கோப்பை தப்பியது.

அடுத்ததாக அவர் கேட்டதைக் கேள். "தனியாகச் சுடுவதற்குப் புதியவர் நீங்கள். 243 என்றால் உதை குறைவு. அதை யோசிக்கவில்லையா?"

மச்சான், என் வாயிலிருந்து இரண்டு வருடம் வந்த அதே கேள்வி. அந்த அம்மா உன் கதிரையில் இருந்துகொண்டு என் கட்சி கதைக்கிறார். எனக்கு எதிராக நானே இருக்கிற மாதிரி. உதை குறைவு, உண்மைதான் என்று சொன்னேன். ஆனால் கட்டைக் குழலில் அளந்து பார்த்தோம், எங்களிடமிருந்த தோட்டா சட்டம் கேட்கிற வலுவுக்குக் கீழே நின்றது என்றேன். பெட்டியில் எழுதியிருப்பது நீளக் குழலின் வேகம் என்றேன். 308 மருந்து கட்டைக் குழலிலும் எரிந்து முடிகிறது என்றேன். மொடரேட்டர் உதையையும் குறைக்கிறது, என் தோள் இன்னும் கழலவில்லை என்றேன். எல்லாம் உன் வசனம். ஏழாம் வகுப்புக்காரன் ஒரு இடத்திலும் தடக்கவில்லை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"யார் அளந்தது?"

"என்ர மச்சான்."

"உடனே ஒத்துக்கொண்டீர்களா?"

குசினி வாசலில் பிஸ்கட் தட்டோடு நின்ற உன் தங்கச்சி நான் வாய் திறக்க முன்னம் சொன்னாள். "இவரோ? ரெண்டு வருஷம் அண்ணையோட மல்லுக்கட்டினவர். ஒருநாள் ஓம் எண்டு சொன்னவரில்லை." அதை இங்கிலீஷிலும் சொன்னாள், அவள் விடுவாளோ.

அந்த அம்மா சிரித்தார். "இப்போது என்ன நினைக்கிறீர்கள்?" என்று என்னைக் கேட்டார்.

ஒரு பகிடி நாக்கு நுனிவரை வந்தது. யானைக் கதைதான். அதை விழுங்கிவிட்டு, "அவன் சொன்னதுதான் சரி. நான் சொன்னது பிழை" என்றேன். உன் தங்கச்சி தட்டை மேசையில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த அம்மா எழுதி முடித்து, பேனையை மூடினார். அனுமதி கொடுக்கச் சொல்லித்தான் எழுதுவாராம். சில கிழமைக்குள் கடிதம் வரும், வந்ததும் கடையில் போய்த் துவக்கை எடுக்கலாம் என்றார்.

கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் இருந்தேன். அன்றைக்குப் பரணில் இறங்கின அதே காற்று இன்னொரு தரம் இறங்கியது. நீ கேட்ட அந்த ஒன்று நடந்துவிட்டது, மச்சான். வெளியாளுக்குப் போகாது.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் உன் துவக்கு என் தோளில் இருக்கும். அதோடு உன் பிடிவாதத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கிறது. துவக்கைவிட அதுதான் பாரம், சந்தோசமாகத் தூக்குவேன். ஒன்று மட்டும் தெரிந்துகொள். நீ உயிரோடு இருந்தபோது நான் சொல்லாத 'நீ சொன்னதுதான் சரி' இப்போது இங்கிலாந்துப் பொலிசின் பதிவில் இருக்கிறது. நான் நினைத்தாலும் இனி அழிக்க ஏலாது.