கிளப் பலகையில் ஒரு சிலுவை

மல்லிகன் கிரீக், குயின்ஸ்லாந்து
3 மே 1970

மேன்மை பொருந்திய மருமகன், சிப்பாய் ராஸ் அவர்கள் சமூகத்துக்கு,

நாலு போர்முனைகளைத் தனியாளாகத் தாங்கிப் பிடித்த உன் மாமா மெர்வின் எழுதிக்கொள்வது. நான் நலம். கரும்பும் நலம்.

வியட்நாமில் இன்னும் ஓராண்டு இருக்க, "உங்களைப் போலவே" கையெழுத்துப் போடப் போவதாக எழுதியிருந்தாய். என்னைப் போலவா? ஆப்பிரிக்காவில் நான் தின்ற மணலைக் கொட்டினால் நம் ஊருக்கு ஒரு கடற்கரை கிடைக்கும். நியூகினியில் என்னைக் கடித்த கொசுக்கள் என்னைவிட ஒரு பதவி மேலே இருந்தன. கொரியாக் குளிரில் உறைந்த தேநீரைக் கடித்துத் தின்றோம். மலாயாவின் ரப்பர் காட்டில் இரண்டு வருடம் எதிரியைத் தேடி, என் பழைய கால்தடத்தையே ஏழு முறை கைது செய்தேன். பலன், மார்பில் குத்த நாலு தகரத் துண்டும் ஒரு செவிட்டுக் காதும். தளபதிகளுக்குச் சிலை.

போன வாரம் ஆன்சாக் நாள், போரில் மாண்டவர்களை ஊரே நினைக்கும் நாள். அணிவகுப்பு முடிந்ததும் நம் பழைய சிப்பாய்கள் கிளப்பில், ஊரிலிருந்து போருக்குப் போனவர்களின் புதிய பெயர்ப்பலகையைத் திறந்தார்கள். திறந்தவன் தலைவன் ஹெர்பர்ட். இரண்டாம் உலகப் போரை டவுன்ஸ்வில் ராணுவக் கிடங்கில் கம்பளி எண்ணியே வென்ற மாவீரன். கொடியை விலக்கினான். தங்க எழுத்தில் உன் பெயர். பக்கத்திலே குட்டியாக ஒரு சிலுவை.

திரும்பி வராதவர்களுக்குத்தான் நம் பலகையில் சிலுவை என்பது ஊரில் நாய்க்கும் தெரியும். ஹெர்பர்ட்டுக்குத் தெரியவில்லை. "பழைய பலகையில நெறைய பேருக்கு இருக்கே மெர்வ், அழகா இருக்குன்னு போடச் சொன்னேன்" என்றான். "உசுரோட இருக்கிறவனுக்கு அழகு பாக்குறியாடா, கம்பளிப்பூச்சி!" என்று நாற்காலியில் ஏறி, வெண்ணெய்க் கத்தியால் சுரண்டினேன். "எறங்குய்யா, கிளப் சொத்து அது!" என்று என் காலைப் பிடித்து இழுத்தான். ஆறு வாரம் நான் உள்ளே நுழையக் கூடாதாம். நான் இல்லாமல் பீர் புளித்துப்போய், வியாபாரம் படுத்துவிட்டதாகக் கேள்வி.

உன் அம்மா ஐவி கையில் சாண்ட்விச் தட்டோடு அங்கேயேதான் நின்றாள். அழவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அண்ணே, சொரண்டுன எடம் வெள்ளையா, அதே சிலுவை மாதிரியே தெரியுது." அன்றிலிருந்து தபால்காரன் வரும் நேரம் வாசல் கதவைப் பூட்டிவிடுகிறாள். "தந்தி வந்தா வாங்கவே மாட்டேன், வாங்காட்டி நடக்காதுல்ல?" என்று என்னையே கேட்கிறாள். 

நாலு முறையும் என் கையைப் பிடித்து எவனும் கையெழுத்து வாங்கவில்லை, ராஸ். "நீ இல்லாம முடியுமா மெர்வ்" என்று எவனாவது சொல்வான், நானும் பேனாவைத் திறப்பேன். நான் இல்லாமலும் முடிந்திருக்கும். உன்னிடமும் இப்போது ஒருவன் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பான். அவன் மூஞ்சியை நன்றாகப் பார். கம்பளி எண்ணுகிற மூஞ்சியா இல்லையா?

உன் கடிதத்தை நான் ஐவிக்குக் காட்டவில்லை. ஆகஸ்டில் நீ வந்துவிடுவாய் என்று எழுதியிருப்பதாகச் சொல்லிவிட்டேன். அவள் உன் அறைக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறாள். பாதிச் சுவர் முடிந்துவிட்டது.

வாழ்நாள் முழுக்க நான் விட்ட கதைகளில் இது ஒன்றை மட்டும் உண்மையாக்கிக் கொடு, ராசா. நூறாண்டு இரு.

உன் மாமா,
மெர்வின்