உலைச் சூடு

ஐயா,

“என்னங்க” என்று எழுத இனிமேல் கை வராது.

பேட்டரிக்குள் காற்றின் ஆக்சிஜனை வேலை வாங்கும் அந்தக் கோபால்ட் ஆக்சைடுப் பொடியை, வருஷக்கணக்கில் அரைத்துச் சுட்டெடுத்தது நான். நீங்கள் மேடையேறி, “என் கண்டுபிடிப்பு. வீட்டுக்காரி பாத்திரம் கழுவிக் குடுத்தா,” என்றீர்கள். கூட்டமே சிரித்தது.

அன்றைக்கே மகளைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் வந்த பிறகு நீங்களே செய்த பொடியில் பேட்டரி ஒரு வாரம்கூட ஓடவில்லையாம். நேற்று போனில் குழைந்தீர்கள்: “உலையில எவ்வளவு சூடு வெச்சே? அதை மட்டும் சொல்லு.”

சொல்ல மாட்டேன். உங்கள் போட்டிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

மகளுக்குக் காய்ச்சல் என்று அக்கா உங்களிடம் சொல்லியிருந்தாள். அதைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன்: காய்ச்சல் விட்டுவிட்டது.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா