உடம்பில் பழம் இல்லை

மார்ச் 3

அன்புள்ள முயலுக்கு,

உன் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி, வழக்கம்போல இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரே பக்கத்தில் பதினோரு பிழைகள். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவளுக்கு இப்படி எழுதலாமா? பள்ளியில் 'ழ' வரவில்லை என்று சிஸ்டர் ஒரு நாள் உன் விரலில் ஸ்கேலால் தட்டினார். அன்றிலிருந்து கண்ட இடத்திலெல்லாம் 'ழ' போடுகிறாய். "உடம்பில் பழம் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். பலம், அடியே. பழம் கடையில் கிடைக்கும்.

சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது, மத்தியானமே படுக்கத் தோன்றுகிறது என்கிறாய். போன வருடம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. மருந்துக்கடைக்காரர் செரிமான என்சைம் மாத்திரை கொடுத்தார். வயதான வயிற்றுக்குக் கூடமாட ஒத்தாசைக்கு ஆள் வைப்பது போலாம். ஒரே மாதத்தில் நிற்காமல் மாடிப்படி ஏறினேன். உனக்கும் ஒரு டப்பா அனுப்புகிறேன். முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு ஞாபகம் வந்து பயனில்லை.

போன் செய்யாதே, என் காதுக்கு எட்டாது. எழுது.

அன்புடன்,
உன் மதர்


மார்ச் 19

என் அன்பு மதருக்கு,

டப்பா வந்துது. திருத்தமும் வந்துது. ஹாஸ்டல்ல எல்லாரும் உன்னை மதர்னு கூப்பிட்டது சும்மாவா?

காழையும் மத்தியானமும் முதல் வாயோட முழுங்கறேன். "என்னம்மா, சாப்பாட்டுக்கு முன்னாடி பூஜையா?"ன்னு மக கேலி பண்றா. வயிறு உப்பறது குறைஞ்சிருக்கு. உடம்புல கொஞ்சம் பழம் வந்திருக்கு. நேத்து மூணு ஜன்னல் திரை தச்சுக் குடுத்துட்டேன். வேழை முடிச்சு என் சட்டையையும் இடுப்புல பிடிச்சுத் தச்சேன். ரெண்டு மாசத்துல இது மூணாவது தடவை. இந்த வயசுல இடை வந்திருக்குடி எனக்கு!

டாக்டர் ஸ்கேன் எடுக்கணும்ங்கறார். மகளும் ஒத்தக் கால்ல நிக்கறா. எனக்குப் பயமா இருக்கு. போகட்டுமா? நீ சொன்னா நாளைக்கே போறேன்.

உன் முயழ்


ஏப்ரல் 2

அன்புள்ள முயலுக்கு,

பேச்சை அப்படியே எழுதுவதை மன்னித்துவிட்டேன். அது போக நான்கு பிழைகள்; திருத்தி அனுப்பியிருக்கிறேன். சொந்தப் பெயரையே தப்பாக எழுதுகிறவளை என்ன செய்ய? உன் முன்பல்லைப் பார்த்து நான் வைத்த பெயர் அது. கடைசியில் 'ல்'.

ஸ்கேனுக்கு என்ன அவசரம்? தும்மினால்கூட டாக்டரிடம் ஓடுகிறவள் நீ. மாத்திரைதான் கேட்கிறதே. மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிடு, பிறகு பார்க்கலாம். என் வீட்டுக்காரரையும் ஒரு சோதனைக்கென்றுதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். தனியாகத் திரும்பி வந்தேன். மகளிடம் சொல்: மதர் சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
உன் மதர்


ஜூன் 28

என் அன்பு மதருக்கு,

இரண்டாவது டப்பாவும் தீர்ந்துவிட்டது. போன வாரம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. மகள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள். ஸ்கேனும் ஆயிற்று. பயந்ததுபோல் ஒன்றுமில்லை, கொஞ்ச நேரம் அசையாமல் படுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணையத்தில் கட்டியாம். வெகுநாளாக இருக்கிறதாம். அதனால்தான் செரிக்கவில்லை, இளைத்தும் போனேன். உன் மாத்திரையைக் குறை சொல்லாதே. இங்கேயும் என்சைம்தான் கொடுக்கிறார்கள், இன்னும் வீரியமானதாக. "முதல் வாயோட முழுங்கணும் பாட்டி" என்று நர்ஸ் அதட்டுகிறாள். நீயே வந்து நிற்பதுபோல் இருந்தது.

உடம்பில் பலம் இல்லை. முடிந்தால் ஒரு முறை வா.

உன் முயல்


ஜூலை 4

என் அன்பு முயழுக்கு,

சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படிக்க உட்கார்ந்தேன். ஒரு பிழைகூட இல்லை. 'உன் முயல்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். நீ சொல்லச் சொல்ல மகள் எழுதியிருக்கிறாள். பேனா பிடிக்கவும் உன்னால் முடியவில்லை.

மூன்றாவது தடவை சட்டையை இடுப்பில் பிடித்துத் தைத்தேன் என்று மார்ச்சில் எழுதினாய். அந்தப் பக்கத்தில் 'காழை' என் கண்ணில் பட்டது, 'வேழை' பட்டது. அது படவில்லை. போகட்டுமா என்று கேட்டாய். எனக்கிருந்த பயத்தை உனக்கு யோசனையாகச் சொன்னேன்.

அந்தக் கடிதத்தை இன்று தேடினேன். எங்கே இருக்கும்? அறுபது வருடமாக நீ எழுதிய அத்தனையையும் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டேன். உன் கையெழுத்தில் ஒரு தாள்கூட இந்த வீட்டில் இல்லை.

பதினைந்தாம் தேதி புறப்பட்டு வருகிறேன். முடிந்தால் எனக்காக ஒரே ஒரு வரி எழுதி வை. எப்படி இருந்தாலும் சரி.

எனக்கும் உடம்பில் பழம் இல்லை.

உன் மதர்


ஜூலை 10

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

அம்மா நேற்றுக் காலை போய்விட்டாள்.

ஏப்ரலில் உங்கள் கடிதத்தைக் காட்டித்தான் ஸ்கேன் வேண்டாமென்றாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. மறைத்து எழுதவும் வரவில்லை.

உங்கள் கடைசிக் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நான் வாசித்தேன். பிறகு தானே வாங்கிக் கண்ணருகில் பிடித்துப் பார்த்தாள். "மதரே தப்புப் பண்ணிட்டாடி!" என்று, பல மாதத்துக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தாள். துணியில் கோடு போடுகிற சிவப்பு சாக்குக்கட்டியைத் தையல் பெட்டியிலிருந்து கொண்டுவரச் சொன்னாள். அவள் கைப்பட ஒரு தாள் வேண்டுமென்று கேட்டிருந்தீர்கள். அதனால் உங்கள் கடிதத்தையே திருப்பி அனுப்புகிறேன். மேலே 'முயழுக்கு' என்பதில் 'ழு'வை அடித்து 'லு' போட்டிருப்பது அம்மாதான். படுத்தபடியே போட்டதால் கோடு கோணலாக இருக்கிறது.

"கீழ இன்னொண்ணு இருக்கும்மா, பழம்னு" என்றேன்.

"அதை விட்டுடு. அது சரியாத்தான் இருக்கு" என்றாள்.

இப்படிக்கு,
அவள் மகள்