புதுசு வந்திருக்கா என்று வாப்பா கேட்டது

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் இன்ஸாபுக்கு உம்மா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் கொரியாவுக்கு வந்து சேரும்போது நீ கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்கிறேன். இங்கே நானும் உன் ராத்தா ஹிமாயாவும் அவளுடைய பிள்ளைகளும் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம். வாப்பா மௌத்தாகி, நான் வெளியாட்கள் முன் வராமல் இத்தா இருக்கத் தொடங்கி இன்றைக்கு ஐம்பத்தைந்தாவது நாள். ஹிமாயா என்னை அடுப்படிப் பக்கம் விடுகிறாளில்லை, உப்பு அளவு தெரியாதவள் என்னை உட்காரவைத்துவிட்டு ஆணம் காய்ச்சுகிறாள், நானும் வாயை மூடிக்கொண்டு தின்கிறேன். கச்சான் காற்று தொடங்கி வீடெல்லாம் மண். வாப்பாவுடைய எஞ்சின் திருத்தும் சாமான்கள் விறாந்தையில் அப்படியே கிடக்கின்றன. நேற்றும் அட்டாளைச்சேனையிலிருந்து ஒருவர் போட் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்து கேற்றடியில் இறக்கிவைத்து, ஆதம்பாவாக் காக்கா இரிக்காரா என்று கேட்டார். விசயத்தைச் சொன்னதும் எஞ்சினைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனாராம். நான் அறைக்குள் இருந்தேன், ஹிமாயா சொல்லித்தான் தெரியும்.

போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் அழுகைதான் முதலில் வருகிறது, நீ உடனே போதும் உம்மா, வையுங்க என்கிறாய். வாப்பா மௌத்தான ஏழாம் நாள் நீ எடுத்தபோது வீடு நிறைய ஆட்கள். உம்மா, வாப்பா என்னப் பொருந்தினாரா, மன்னிச்சிட்டாரா என்று கேட்டாய். ஓம் மகன், அவருக்கு ஆரோடயும் கோவமில்ல என்று சொன்னேன். மையத்து வீட்டில் எல்லாருக்கும் சொல்லுகிற ஆறுதலைத்தான் உனக்கும் சொல்லுகிறேன் என்று நீ நினைத்திருப்பாய். அதற்குப் பிறகுதான் சொன்னாய், நான் செஞ்சி போட்ட கேம் பாட்டு எல்லாத்தையும் இன்டர்நெட்டிலிருந்து அழிச்சிட்டன் உம்மா, வாப்பாட கபுறுக்கு என்னால ஒரு பாரம் வரக்கூடாது என்று. அந்த இடத்தில் போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துவிட்டேன். நீ லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிட்டாய்.

மகன், நீ போவதற்கு முன் நடந்ததை நான் மறக்கவில்லை. மஃரிபு பாங்கு சொல்லும் நேரம் நீ அறைக்குள் பழைய வீடியோ கேம் மாதிரிப் பாட்டுச் செய்கிற அந்தக் கீங் கீங் சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தாய், வாப்பா வந்து வயரைப் பிடுங்கி எறிந்தார். நான் மௌத்தான பொறகு போடு, அதுவரைக்கும் இந்த ஊட்டுல கேக்கப்படாது என்று சொன்னார். ஒன்பது நாளில் பிளேன் ஏறினாய். அங்கே போய் வேலை முடிந்த நேரத்தில் அதே பாட்டுகளைச் செய்து போட்டாய், அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

அவருக்குத் தெரியும். இரத்தம் சுத்தம் செய்யும் மெசினுக்குக் கிழமைக்கு இரண்டு நாள் போனோமே, பக்கத்துக் கட்டிலில் காரைதீவு கனகரெத்தினம் அண்ணன் இருப்பார். அவருடைய மகள் சுலக்சனாவிடம் உன் பெயரைச் சொல்லி, என்ட மகன் என்னவோ சத்தம் போடுறானாம், புள்ள அதத் தேடித் தா என்று இவரே கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை தேடி எடுத்துப் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறது. நான்கு மணித்தியாலமும் காதில் வயரைச் செருகிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருப்பார், நானும் மனிசன் குர்ஆன் கேட்கிறார் என்று நினைத்து எல்லாருக்கும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். ஒரு நாள் வயர் கழன்று விழுந்தது. எந்த சூறா என்று பார்க்க என் காதில் வைத்தேன். உன்னுடைய கீங் கீங். எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. மனிசன் திருட்டு முழி முழித்தார்.

அன்றைக்கு என்னோடு வெகுநேரம் கதைத்தார். உனக்கு இவ்வளவு தெரியும் என்று நானே அறியவில்லை. இதுக்குள்ள நாலே நாலு சத்தந்தான் றுகையா, ரெண்டு மேல, ஒண்டு அடியில, ஒண்டு மண்ண அள்ளிக் கொட்டுற மாதிரி, நாலையும் வெச்சிக்கிட்டு இவன் எம்பட்டு வேல செஞ்சிரிக்கான் என்றார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்லுகிறவர் அல்லவா, உன்னையும் விடவில்லை. ஒரு பாட்டில் அடிச்சத்தம் நடுவில் ஒரு தட்டுப் பிந்துகிறதாம், வந்தால் சொல்ல வேண்டுமாம். மெசின் பீப் பீப் என்று அடித்துத் தாதிமார் ஓடி வரும்போதெல்லாம் முன்பு பயப்படுவார், பிறகு என்னைப் பார்த்துக் கண்ணால் சிரிப்பார். ஆனால் உனக்குச் சொல்லக்கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவன் வரட்டும், வயரப் பிடுங்கினது நான், நான்தான் சொல்லோணும், அதுவரைக்கும் இது ஒன்னுட்ட அமானிதம் என்றார். அமானிதம், நம்பிக் காக்கத் தந்தது என்று சொன்ன பிறகு நான் என்ன செய்ய. வாயைத் தைத்துக்கொண்டேன்.

பெருநாள் கழிந்து நீ எடுத்தபோது ஒன்று சொன்னாய், நினைவிருக்கிறதா. வாப்பாக்குச் சுகம் கிடைக்கோணும் என்று நேந்து, இனிப் பாட்டே செய்யிறதில்ல என்று விட்டுட்டன், அவருக்குச் சொல்லிராதீங்க உம்மா என்று. அதையும் வாங்கி மடியில் கட்டினேன். நேர்ச்சையைக் குலைத்தால் அவருடைய உயிருக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயந்தேன். அங்கே நீ அவருக்காக நிறுத்தினாய், இங்கே அவர் செவ்வாயும் வெள்ளியும் கட்டிலில் ஏறியவுடன், புதுசு வந்திருக்கா பாரு என்று போனை என்னிடம் நீட்டுவார். இல்லை என்பேன். வேலை கூடவாம் என்பேன். பழையதையே திரும்பத் திரும்பக் கேட்பார். இரண்டு மாதம் இப்படி. இரண்டு பேருடைய கதையும் எனக்குத் தெரியும், மகன், எனக்கு மட்டுந்தான் தெரியும்.

போன கிழமை மௌலவி வந்தபோது திரைக்கு இந்தப் பக்கம் இருந்து, ஒருவர் சொல்லாதே என்று தந்த கதையை அவர் மௌத்தான பிறகு சொல்லலாமா என்று கேட்டேன். அது ஆருக்குச் சேர வேண்டிய கத என்று கேட்டார். மகனுக்கு என்றேன். அப்ப குடுத்திருங்க ராத்தா, வெச்சிரிக்கிறதுதான் பாரம் என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன். வாப்பா உன்னைப் பொருந்தினார். இது மையத்து வீட்டு ஆறுதல் இல்லை, என் கண்ணால் கண்டது. நம்பாவிட்டால் சுலக்சனாவிடம் கேள், அந்தப் பிள்ளையின் நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவருடைய போனைத் திறந்து பார்த்தேன், நீ அழித்த பிறகு அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. இனிச் செய், செய்யாதே என்று நான் சொல்லமாட்டேன், அது உனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ளது.

வேளைக்குச் சாப்பிடு. மெசினில் வேலை செய்யும்போது நித்திரைக் கண்ணோடு நிற்காதே. வெள்ளிக்கிழமைகளில் வாப்பாவுக்கு யாசீன் ஓது. அல்லாஹ் உன் ஆயுளை நீட்டி, உன் கையில் பரக்கத்தைத் தந்து, என் கண் மூடுவதற்குள் உன்னை இந்த வாசலில் கொண்டுவந்து விடட்டும்.

ஒன்றை மட்டும் எழுதாமல் முடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. கடைசி வெள்ளிக்கிழமையும் புதுசு வந்திருக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, அவனுக்கு என்னில இன்னும் கோவம் போகல்ல போல என்றார். இல்லை, உங்களுக்காகத்தான் நிறுத்தியிருக்கிறான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் நாக்கு நுனியில் இருந்தது. நாளைக்குச் சொல்லுவோம் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிய சுபஹுக்கு அவர் இல்லை. அவரிடம் இனிக் கேட்க முடியாது, உன்னிடம் கேட்கிறேன். என்னைப் பொருந்திக்கொள், மகன்.

உன் உம்மா,
ஆ. றுகையா.