வசிக்கத் தொடங்கிய ஆண்டு

நவம்பர் 4, செவ்வாய்

மன்னிக்கணும், மணி பன்னிரண்டே முக்கால். நோட்டிடம் போய் மன்னிப்புக் கேட்கிறேன். இந்த நேரத்தில் வேறு யார் விழித்திருக்கிறார்கள்? பாப்பா இப்போதுதான் தூங்கினாள். பி. பத்து மணிக்கே தூங்கியாயிற்று. கணவர்களுக்கு எப்படித்தான் தூக்கம் வருகிறதோ.

மாலையிலிருந்து மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். அதற்கே கீழ்த்தளத்துக்காரர்கள் கார்களை மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். முடிச்சூரில் மழை என்றால் எல்லார் வயிற்றிலும் புளி கரைகிறது. நாங்கள் வந்து மூன்று வருடம்தான். அந்தப் புளியையும் ஃப்ளாட்டோடு சேர்த்து வாங்கிக்கொண்டோம்.

நாளைக்கு:
– பாப்பா இருமல் மருந்து
– பெருங்களத்தூர் போனால் ரெயின்கோட் (சின்னது)
– கேஸ் புக்கிங்
– வசந்தா மேடத்துக்கு ஃபோன். காலையிலேயே. தள்ளிப்போடக் கூடாது.

இன்று விசாரணை நடந்தது. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் கால்வாய்க் கரையில் முப்பத்து நான்கு வீடு. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்து ஒரு மாதம் ஆகிறது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் ரோஸி அக்காவும் அந்தக் கரைதான். மாற்று வீடு கேட்டு எல்லாரும் சேர்ந்து கொடுத்த மனுவை எழுதியது நான். இன்று அதிகாரி அதை வாசித்துவிட்டு, 2015 வெள்ளத்துக்கு முன்பே குடியிருந்தவர்களுக்கு மட்டும்தான் மாற்று வீடு, பதினோரு குடும்பத்துக்குக் கிடையாது என்றாராம். அந்தப் பதினொன்றில் ரோஸி அக்கா ஒன்று.

படியில் ஆட்டோ ஆறுமுகம் எதிரே வந்தார். ரோஸி அக்காவின் அடுத்த வீடு. அவரும் பதினொன்றில்.

"இன்னா மேடம், சோக்கா எழுதிக் குட்த்த. எங்களுக்கு நாங்களே வேட்டு வெச்சிகினு வந்துட்டோம்."

ஒதுங்கி வழி விட்டேன். கையில் தயிர் பாக்கெட்.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. துணி காயவில்லை. மேடத்திடம் காலையில் பேசவில்லை, மதியம் பேசினேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

வசந்தா மேடம் வக்கீல். கீழ்க்கட்டளையில் தன் வீட்டு முன்னறையில் ஞாயிறுதோறும் குடியிருப்பு உரிமைக் கூட்டம் நடத்துகிறார். ஏழெட்டுப் பேர் வருவோம். மனு யார் எழுதுவது என்றபோது நான்தான் கை தூக்கினேன். கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம் வங்கிக் கடன் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலை. காகிதத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை. அப்படித்தான் பழக்கினார்கள்.

அட்டவணை போட்டேன். ஆறு கட்டம். வரிசை எண், பெயர், கணவர் பெயர், கைபேசி, தொழில், வசிக்கத் தொடங்கிய ஆண்டு. ஆறாவது கட்டத்தை யாரும் கேட்கவில்லை. மனு கனமாகத் தெரியட்டும் என்று நானாகச் சேர்த்தது.

ரோஸி அக்காவிடம் கேட்டது இந்த அடுப்படியில்தான். அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாலம் கட்டிகினு வந்ததுலேர்ந்து இங்கதாம்மா. இருவது வருசம் இருக்கும்."

"அதுக்கு ஆதாரம் இருக்காக்கா?"

"பழைய ரேசன் கார்டு, வோட்டு சீட்டு, அல்லாம் வெள்ளத்துல பூட்ச்சே. இப்ப கீறது புதுசு."

புதுக் கார்டில் 2016. வாயால் சொல்வதை எழுதினால் நிராகரிப்பார்கள், ஆதாரம் இருப்பதையே எழுதுவோம் என்று விளக்கினேன். என்ன பொறுமையாக விளக்கினேன்!

"நீ படிச்சவ. நீ இன்னா போட்டாலும் சரிதாம்மா." ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ரோ-வுக்குக் கொம்பு போட மறந்து, பிறகு சேர்த்தார்.

இப்படிப் பதினோரு வீடு. வெள்ளத்தில் எல்லாம் போனவர்கள் மட்டும். பள்ளத்தில் இருந்தவர்கள். அதிகாரி கேட்டாராம்: "இது உங்க கையெழுத்துதானே? நீங்களே சொல்லியிருக்கீங்களே, 2016லதான் வந்தோம்னு?"

ஆமாம் என்றாராம் ரோஸி அக்கா. கையெழுத்து அவருடையதுதானே.

மேடம் ஃபோனில் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "கார்டைப் பார்த்து நீ எழுதினே, அவங்க சொன்னதை எழுதலைன்னு ஒரு வாக்குமூலம் குடு. உன் பேரு, விலாசம், எல்லாம் போட்டு. வெள்ளிக்கிழமை காலையில நோட்டரிகிட்ட கையெழுத்து. மதியமே கோர்ட்ல தடை கேட்டுடறேன். சனி, ஞாயிறு கோர்ட் கிடையாது. அவங்க அந்த நாளாப் பார்த்துதான் இடிக்க வருவாங்க."

முப்பத்து நான்கு பேர் கையெழுத்துப் போட்ட மனுவில் என் பெயர் இல்லை. எழுதியவர் பெயரைக் கீழே போடச் சொல்லி அப்போதே மேடம் சொன்னார். பி. வேண்டாம் என்றார். "நீ நல்லவளா இரு, நான் தடுக்கல. பேரு போடாம இரு."

நவம்பர் 6, வியாழன்

பாப்பா மூன்று இட்லி சாப்பிட்டாள். ரோஸி அக்கா ஊட்டினால் மட்டும் மூன்று. நான் ஊட்டினால் ஒன்றரை.

அவர் எதுவும் கேட்கவில்லை. வழக்கம்போல் வந்தார், துடைத்தார், போனார். கேட்டிருந்தால் தேவலை.

ஒரு யோசனை வந்தது. வெள்ளத்தின்போது கரைக்காரர்கள் எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில்தான் நாலு நாள் இருந்தார்களாம். அசோசியேஷன் செயலாளர் அப்போதே இங்கிருந்தவர். தரைத்தளத்தில் மாட்டிக்கொண்ட அவர் அம்மாவை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கியது ரோஸி அக்காவும் அவர் வீட்டுக்காரரும். அந்த அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். செயலாளர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.

பார்க்கிங்கில் நடந்துகொண்டிருந்தார், கையில் குடை. விஷயத்தைச் சொன்னேன்.

"தூக்கினாங்க, இல்லைங்கல. யார் யாரோ தூக்கினாங்கம்மா. அந்த நேரத்துல முகத்தையா பார்ப்பாங்க?"

"உங்க வீட்டுலயும் அவங்க ஆறு வருஷம் வேலை பார்த்தாங்களே சார்."

"அது இப்போ. நீ கேக்கறது அப்போ." சிரித்தார். "அதுவும் அசோசியேஷன் லெட்டர்ஹெட்லயா? கால்வாய்க் கரையை கிளியர் பண்ணச் சொல்லி மனு குடுத்ததே நாமதானேம்மா. நீயும் சைன் பண்ணியிருக்கே."

நானா?

ஃபோனில் எடுத்துக் காட்டினார். "மழைநீர் வடிகால் சீரமைப்பு" என்று தலைப்பு. மூன்றாவது பத்தியில் "கரையோர ஆக்கிரமிப்புகளை அகற்றி". கீழே 2பி, என் கையெழுத்து. ஞாபகம் வந்தது. வாட்ச்மேன் நோட்டை நீட்டினார், பாப்பா இடுப்பில், ஒற்றைக் கையால் போட்டேன். வாசிக்கவில்லை. நான்கு வருடம் அடுத்தவர் காகிதத்தை வரி வரியாக வாசித்துச் சம்பளம் வாங்கியவள்.

ஆக, விரட்டச் சொன்ன தாளில் என் பெயர் இருக்கிறது. விரட்டாதே என்ற தாளில் இல்லை.

பி.யிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முகம் மாறியது. "நாளைக்குக் கையெழுத்துப் போடப் போறியா? ஜனவரில ஆன்சைட்னு வெளிநாடு போகணும். உனக்கும் பாப்பாவுக்கும் பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன் வரணும். ஸ்டேஷன்லேர்ந்து வந்து உன் பேரைத் தேடினா என்ன வரும்? பாப்பாவை யோசி."

எப்போதும் கடைசியில் பாப்பாவைத்தான் எடுக்கிறார். எப்போதும் அது வேலை செய்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

காலை ஏழே கால். மேடம் ஃபோன். எடுக்கவில்லை.
ஏழு ஐம்பது. எடுக்கவில்லை.
எட்டரை. எடுத்தேன்.

"பாப்பாவுக்கு ஜுரம் மேடம். நூத்தியொண்ணு. திங்கட்கிழமை வரட்டுமா?"

மேடம் "பாத்துக்கோம்மா" என்று வைத்துவிட்டார்.

பாப்பாவுக்கு ஜுரம் இல்லை. கூடத்தில் பக்கெட்டைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தாள். ரோஸி அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். குழந்தையை இறக்கிவிட்டார், நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

பொய் சொன்ன பயத்தில் இதுவரை மூன்று முறை தெர்மாமீட்டர் வைத்துவிட்டேன். மூன்று முறையும் ஜுரம் இல்லை.

நவம்பர் 8, சனி

தூறல். ஆறே முக்காலுக்கு வீடு இடிக்கும் இயந்திரங்கள் மூன்று வந்தன. போலீஸ் வேன் இரண்டு.

பால்கனியிலிருந்து எல்லாம் தெரிந்தது. விற்கும்போது 'வ்யூ' என்று இதைத்தான் சொன்னார்கள்.

கீழே இறங்கிப் போனேன். பி. தடுக்கவில்லை, "செருப்பு மாட்டிட்டுப் போ, ஆணி கிடக்கும்" என்றார். ஒருவர் தாளைப் பார்த்துப் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார். இருபத்து மூன்று பேருக்கு மாற்று வீட்டு டோக்கன், லாரி. பதினோரு பேர் ஓரமாக நிற்கவேண்டும். அவர் கையிலிருந்தது நான் டைப் அடித்த தாளின் ஜெராக்ஸ்.

"ஆறாவது கட்டத்தைப் பார்த்துச் சொல்லுப்பா, குழப்பிக்காதே" என்றார் பக்கத்தில் நின்றவர். "நல்லா கிளீனா போட்டிருக்காங்க."

ரோஸி அக்காவின் வீட்டை இடிக்க நான்கு நிமிடம். அரிசி டிரம், மிக்சி, பாலிதீனில் சுற்றிய மாதா படம், ஒரு மெத்தை. மெத்தை நனைந்துகொண்டிருந்தது. அவர் வீட்டுக்காரர் அதன் மேல் குடை பிடித்துக்கொண்டிருந்தார், தன் தலை நனைய.

"அக்கா" என்றேன்.

இடுப்பிலிருந்து எங்கள் வீட்டுச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா சாவி. குட்த்துட்டேன்னு எய்திக்கோ. கையெய்த்து வோணுமா?"

ஆறுமுகம் சிரித்தார். நாலைந்து பேர் சிரித்தார்கள். ரோஸி அக்கா சிரிக்கவில்லை.

"பாப்பாக்கு ஜொரம் வுட்ருச்சா?" என்று கேட்டார்.

அசோசியேஷன் குரூப்பில் மாலை: "ஒருவழியா! இனி கொசு குறையும்." கும்பிடும் கை ஆறு. "சண்டே மெய்டுக்கு என்ன பண்றது? யாருக்காவது காண்டாக்ட் தெரியுமா?" "அந்த இடத்துல பார்க்கிங் கேக்கலாமே."

பாப்பா இரவு சாப்பிடவில்லை. "ரோசி ஊட்டு, ரோசி ஊட்டு." அடித்துவிட்டேன். முதல் தடவை.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். ஊரையே கழுவிக் காயப்போட்ட மாதிரி.

பி.யிடம் சொல்லாமல் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழ்க்கட்டளை போனேன். மேடம் கதவைத் திறந்து முதலில் பாப்பாவைப் பார்த்தார். அவள் கையில் பாதி கடித்த முறுக்கு.

"ஜுரம் நல்லா இறங்கிடுச்சு போல" என்றார்.

வாக்குமூலம் தயாராக இருந்தது, வெள்ளிக்கிழமைத் தேதியோடு. தேதியைப் பேனாவால் அடித்துத் திருத்தினார். பெயர், விலாசம், கைபேசி. கையெழுத்துப் போட்டேன். முத்திரை நாளைக்கு.

"இது வெள்ளிக்கிழமை இருந்திருந்தா இடிக்கறதை நிறுத்தியிருக்கும். இப்ப மாற்று வீடு கேட்க மட்டும்தான். அதுவும் நீ எழுதினது போதாது, 'நாங்க சொன்னது வேற, மனுவுல எழுதினது வேற'ன்னு அந்தப் பதினோரு பேரும் கையெழுத்துப் போடணும். செவ்வாய்க்குள்ள. பத்துப் பேரை நான் பிடிச்சிட்டேன். ரோஸி ஃபோன் எடுக்கல. நீ கூப்பிடு, உன்னை நல்லா தெரியுமே."

அவர் வேண்டுமென்றே குத்தினாரா, தெரியவில்லை. குத்தியது.

ஏழு முறை அழைத்தேன். அணைத்து வைத்திருக்கிறார். வீட்டுக்காரரின் அக்கா வீட்டில் இருக்கலாம் என்கிறார் ஆறுமுகம். எந்த ஊர் என்று கேட்டால், "அது எந்தக் கட்டத்துல வர்து மேடம்?" என்கிறார்.

பி.யிடம் இரவு சொல்லிவிட்டேன். தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

அனுப்பியதை இங்கே எழுதிவைக்கிறேன். நான்கு முறை அழித்து எழுதியது:

ரோஸி அக்கா, நேரம் கெட்ட நேரத்தில் அனுப்புகிறேன். 2016 என்று போட்டது நான். நீங்கள் இருபது வருடம் என்று சொன்னீர்கள். அதை எழுதி என் பேர் போட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாப்பாவுக்கு ஜுரம் வரவே இல்லை, உங்களுக்கே தெரியும். செவ்வாய்க்குள் உங்கள் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் பத்து வீட்டோடு முடித்துவிடுவார்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், நானே வருகிறேன். சீக்கிரம் பதில் போடுங்க அக்கா.