மூணாவது மாடியிலேருந்து இறங்குறோம்

ஸ்ரீரங்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சித்தார்த்துக்கு அம்மா எழுதறது. கனடா குளிர்ல நீயும் சௌமியாவும் குழந்தையும் உடம்புக்கு ஒண்ணும் வராம இருக்கணும்னு தினமும் பெருமாளை வேண்டிக்கிறேன். இங்க நாங்க சௌக்கியம்னு எழுத இந்தத் தடவை கை வரலைப்பா. போன்ல பேசலாம்னா அப்பா பக்கத்துலயே இருக்கார், அவர் முன்னாடி சொல்ல முடியாதுன்னுதான் எழுதறேன், எதிர்வீட்டு ஆரிஃபா இதை போட்டோ எடுத்து உனக்கு அனுப்பறேன்னு சொல்லியிருக்கா.

ஆடிப்பெருக்கு சமயத்துல நின்ன லிஃப்ட் இன்னும் ஓடலை. பக்கவாதம் வந்த மனுஷன் இந்த மூணாவது மாடியிலேருந்து எப்படி இறங்குவார், பிசியோதெரபிக்குப் போறதும் அதோட நின்னுபோச்சு. அபார்ட்மெண்ட் சங்கத்துச் செயலாளர் ஸ்ரீதருக்கு நாலு மனு எழுதிக் கொடுத்தேன், ஒண்ணுக்கும் பதில் இல்லை, வாட்ஸ்அப்ல போட்டா நீல டிக் மட்டும் வரும். நேர்ல போனப்ப, நீங்க ஓனர் இல்லீங்களே, வீடு உங்க பையன் பேர்லதானே இருக்கு, அவர் பேசட்டும்னு வாசல்லயே நிக்க வெச்சு சொல்லி அனுப்பிட்டார். நீயும் பேசினே. ரெண்டு வாரத்துல சரியாயிடும் சார்னு உன்கிட்ட நயமா சொல்லியிருக்கார், நீ என்கிட்ட கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மான்னு சொன்னே. அது ஆவணி மாசம்.

இப்ப எழுதப்போறதை இத்தனை நாள் மறைச்சதுக்குக் கோவிச்சுக்காதே. போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் காய் வாங்கப் போன நேரத்துல அப்பா தனியா வெள்ளைச் சட்டையை மாட்டிக்கிட்டு, கைப்பிடியைப் பிடிச்சுப் படி இறங்கியிருக்கார், ரெண்டாவது மாடித் திருப்பத்துல விழுந்துட்டார். வாட்ச்மேன் வீரமலையும் ஆரிஃபா வீட்டுக்காரர் ஹாலித்தும் பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சுத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. நல்லா இருந்த இடது கை மணிக்கட்டுதான் உடைஞ்சது. இப்ப நான்தான் ஊட்டி விடறேன். சட்டைப் பையில ஒரு தாள் இருந்துச்சு, இடது கையால கோணல் கோணலா எழுதியிருக்கார், ஐயா, என் மனைவி நாலு தடவை எழுதிட்டாங்க, தயவுசெஞ்சு பதில் சொல்லுங்கன்னு. ஸ்ரீதர்கிட்ட எனக்காகக் கேக்கத்தான்டா இறங்கியிருக்கார்.

அந்தத் தாளை எடுத்துக்கிட்டு ஆரிஃபா வீடு வீடா ஏறி இறங்கினா. பதினாறு வீட்டுல ஒன்பது பேர் கையெழுத்து போட்டாங்க, அப்புறம்தான் கார் நிறுத்தற இடத்துல கூட்டம் போட்டாங்க. நான் எழுந்ததும் ஓனர் மட்டும் பேசுங்கன்னார் ஸ்ரீதர். அப்ப நான் ஓனர்தானே, நான் படிக்கிறேன்னு ஆரிஃபா எழுந்து அப்பா எழுதினதைப் படிச்சா. ஸ்ரீதர் குறிச்சுக்கிட்டோம்மான்னு மட்டும் சொல்லிட்டு அடுத்து பெயிண்ட் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டார். இன்னையோட பதினேழு நாள் ஆச்சு.

இனி நான் யார் வாசல்லயும் நிக்கறதா இல்லை. அப்பாகூட ஃபேக்டரியில வேலை பார்த்த பிரிட்டோ, திருவெறும்பூர்ல தன் வீட்டோட கீழ் போர்ஷனைக் கொடுக்கறேன்னு சொல்லியிருக்கார், வாசல்ல ஒரு படிகூட இல்லை. வர்ற வெள்ளிக்கிழமை காலையில போறோம், வீரமலையும் ஹாலித்தும் அப்பாவை அதே சேர்ல தூக்கி இறக்கி விடறேன்னிருக்காங்க. உன்னைக் கேக்காம முடிவு பண்ணிட்டேன். அப்பாகிட்ட சொன்னதும் வாய் குழறிக்கிட்டே, பையன் நமக்காக ஆசையா வாங்கின வீடாச்சே, வருத்தப்படுவானோன்னு கேட்டார். நான் என்ன சொல்லட்டும்.

நீ அந்த செயலாளருக்குப் போன் பண்ண வேண்டாம். அப்பாவுக்குப் பண்ணு. வீட்டைப் பத்தி வருத்தமில்லைப்பான்னு அவர் காதுல விழற மாதிரி ஒரு வார்த்தை சொல்லு, வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி சொல்லு.

குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போட்டு விடுங்க. சௌமியாவை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லு. நீங்க மூணு பேரும் நல்லா இருக்கணும், தீர்க்காயுசா இருக்கணும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
அனுசுயா